தலையை அளந்தியா?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம்ம வகுப்பில் ஒருத்தன் ரோபோ பற்றி எழுதுகிறேன் என்றான். இன்னொருத்தன் எலெக்ட்ரிக் கார். "நீ எதைப் பத்திடா?" என்று கேட்டார்கள். "சின்னக் குழந்தைக்கு கவுன் தைக்கிறது எப்படின்னு" என்றேன். கேன்டீனே சிரித்தது. சிரிங்க, பரவாயில்லை! இந்த மூன்று வருஷமாக நான் கட்டிய ஃபீஸும், வாங்கிய டிராயிங் போர்டும், ஒர்க்‌ஷாப் காக்கியும் எங்க அம்மா மிதித்த தையல் மெஷினிலிருந்து வந்தவை. ஆகவே தெரிந்ததை எழுதுகிறேன்.

எங்க வீடு ஈரோடு பக்கம். அம்மா சந்தையில் கட் பீஸ் எடுத்து வந்து, தெருப் பிள்ளைகளுக்கு ஜப்லா, கவுன், பாவாடை சட்டை தைத்துக் கொடுப்பாங்க. போன தீபாவளிக்கு முன்னால் அவங்களுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மெஷின் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையில் பதினோரு கவுன் ஆர்டர். வாங்கிய அட்வான்ஸ் ஏற்கெனவே என் ஃபீஸாகப் போய்விட்டது. "நான் தைக்கிறேம்மா" என்று உட்கார்ந்தேன்.

முதல் நாள் மெஷின் என்னை மதிக்கவில்லை. மிதித்தால் வீல் பின்பக்கமாகச் சுற்றும், நூல் அறுந்துவிடும். அப்புறம்தான் உறைத்தது, இது நாம் புத்தகத்தில் படித்த நாலு லிங்க் மெக்கானிசம்தான்! பெடல் ராக்கர், வீலில் இருப்பது கிராங்க், நடுவில் கனெக்டிங் ராடு, தரையில் நிற்கிற ஸ்டாண்டு நாலாவது லிங்க். கிராங்க் டெட் சென்டரில் நிற்கும்போது மிதித்தால் அது எந்தப் பக்கமும் போகலாம். அதனால் மேலே உள்ள கைவீலை நம் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மிதிக்க ஆரம்பிக்க வேண்டும். அதன்பின் வீலின் எடையே டெட் சென்டரைத் தாண்டவைத்துவிடும். பரீட்சையில் இதற்குப் படம் போட்டு மார்க் வாங்கியவன்தான் நான். வீட்டிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை!

தையல் விழுவதும் வேடிக்கைதான். கையூசிக்குக் கண் பின்னால், மெஷின் ஊசிக்குக் கண் நுனியில். இப்படிப்பட்ட ஊசியோடு, இரண்டு நூலைப் பூட்டித் தைக்கும் மெஷினுக்கு அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846-இல் காப்புரிமை பெற்றார். ஊசி கீழே போய்க் கொஞ்சம் மேலே எழும்பும்போது நூல் ஒரு வளையமாகப் புடைக்கும். ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து பாபினைச் சுற்றி இழுத்துப் போகும். மேல்நூலும் கீழ்நூலும் பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னல் துணியின் நடுவில் மறைந்திருந்தால் டென்ஷன் சரி. துணிக்கு அடியில் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, மெஷின் வசத்துக்கு வந்தது. முதல் ஆர்டர் எதிர்வீட்டு அக்காவின் இரண்டு வயதுப் பாப்பாவுக்கு. துணி அவங்களே ஆசையாக எடுத்துக் கொடுத்தது. இஞ்ச் டேப் வைத்து அளந்தேன். மார்பு 20 அங்குலம், கழுத்து 10 அங்குலம். கழுத்தை வட்டமாக, அழகாக, அளவு பிசகாமல் வெட்டித் தைத்தேன். பின்பக்கம் பட்டன் வைப்பது வீண் வேலை என்று மூடிவிட்டேன்.

போட்டுப் பார்த்தோம். கவுன் பாப்பாவின் நெற்றியில் மாட்டிக்கொண்டது! மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உள்ளே பிள்ளை வீறிட்டு அழுகிறாள். கடைசியில் அந்த அக்கா கத்தரிக்கோலை வாங்கி, கை நடுங்க, முதுகுப் பக்கம் வெட்டி எடுத்தாங்க. "பரவால்லீங்க தம்பி" என்றாங்க. முகம் அப்படிச் சொல்லவில்லை.

அம்மா திட்டவில்லை. "கழுத்த அளந்தியே கண்ணு, தலைய அளந்தியா?" என்று மட்டும் கேட்டாங்க.

நண்பர்களே, குழந்தைத் துணியின் பாடம் முழுக்க இந்தக் கேள்வியில் இருக்கிறது. குழந்தை என்பது நம்மைச் சின்னதாக்கிய உருவம் இல்லை. பிறக்கும்போது தலைச் சுற்றளவு மார்பைவிடப் பெரிது. ஒரு வயது வாக்கில் இரண்டும் ஏறக்குறைய சமம். இரண்டு வயதில்கூடத் தலை சுமார் 19 அங்குலம் இருக்கும். அது 10 அங்குல ஓட்டையில் எப்படி நுழையும்? வழி சுலபம். பின்பக்கம் 5 அங்குலம் பிளவு விட்டால் இரண்டு ஓரமும் சேர்ந்து 10 அங்குலம் கூடும். கழுத்து வட்டம் 11, பிளவு 10, ஆக 21. தலை தாராளமாக நுழையும். பிறகு பட்டனைப் போட்டால் கழுத்து நிற்கும்.

அடுத்தது அலவன்ஸ். பேட்டர்ன் மேக்கிங்கில் ஷிரிங்கேஜ் அலவன்ஸ், மெஷினிங் அலவன்ஸ் என்று படிக்கிறோமே, அதேதான்! பருத்தித் துணி சுருங்கும். வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். மார்பு 20 என்றால் உடம்பு அசைய, ஓட, உட்கார 3 முதல் 4 அங்குலம் லூஸ் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் அரை அங்குலம். இடுப்புக்குக் கீழே வரும் துணி, மேல்பாகத்தின் சுற்றளவைப்போல இரண்டு மடங்கு இருந்தால் சுருக்கு அழகாக விழும். கழுத்து ஓரத்துக்கு 45 டிகிரியில் வெட்டிய கிராஸ் பீஸ் வைக்க வேண்டும். நேர்நூலில் வெட்டிய பட்டை வளைவில் மடங்காது, சுருக்கம் விழும்.

வளர்ச்சிக்கும் அலவன்ஸ் உண்டு. இரண்டு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் குழந்தை 3 அங்குலத்துக்கு மேல் உயரும். மார்பு அவ்வளவு பெருக்காது. ஆகவே அகலத்தைவிட நீளம்தான் முதலில் பற்றாமல் போகும். பட்டுப் பாவாடையில் நம்ம பாட்டிமார் டக் பிடித்து வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது இதற்குத்தான். கவுனிலும் கீழ்மடிப்பை இரண்டு, மூன்று அங்குலமாக வைத்தால் இன்னொரு வருஷம் ஓடும்.

கடைசியாக, மிக முக்கியமானது. மூன்றாவது கவுனில் அழகுக்காகக் கழுத்தில் கயிறு கோத்து, நுனியில் மணி கட்டினேன். அம்மா பார்த்ததும் வெட்டிப் போட்டாங்க. "தொட்டில்ல மாட்டும், கேட்டுல மாட்டும். மணி வாய்க்குள்ள போகும்" என்றாங்க. பிறகு தேடிப் படித்தேன். கழுத்துக் கயிறு சறுக்குமரத்திலும் பஸ் கதவிலும் மாட்டிக் குழந்தைகள் இறந்ததால், அமெரிக்காவில் 1996-இல் இதற்கென்று வழிகாட்டி நெறிகள் வந்திருக்கின்றன. 2004-இல் வந்த ஐரோப்பியத் தரநிலை, ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ஆடையில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுகயிறே கூடாது என்றது. எங்க அம்மா எந்தத் தரநிலையும் படித்தவங்க இல்லை. பட்டனை நாலைந்து சுற்று தைத்து முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இழுத்துப் பார்ப்பாங்க. குண்டூசியை எண்ணி எடுத்து, எண்ணி வைப்பாங்க. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இதுதானே?

பதினோரு கவுனில் ஒன்பதுதான் முடிந்தது. இரண்டு பேருக்குக் கடன் வாங்கி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு எங்கள் செலவில் வேறு துணி எடுத்து, தலையையும் அளந்து, மறுபடி தைத்தேன். தீபாவளியன்று அவள் அதைப் போட்டுக்கொண்டு எங்க வாசலில் மத்தாப்பு பிடித்தாள். அவங்க அம்மா பொங்கலுக்கு இன்னொன்று கேட்டிருக்காங்க.

கேன்டீனில் சிரித்த நண்பர்களில் ஒருத்தன் போன வாரம் தனியாக வந்தான். "எங்கக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்குடா, ஜப்லா தைக்கணும், சொல்லித் தருவியா?" என்றான். முதலில் வீட்டில் பழைய வேட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பல தடவை துவைத்துக் கஞ்சி போன அந்தத் துணிதான் பிறந்த குழந்தையின் தோலுக்கு மெத்தென்று இருக்கும். உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க. மெஷின் காலியாகத்தான் இருக்கும். இஞ்ச் டேப் மட்டும் கொண்டு வாங்க!