வெட்டி எடுக்கப்பட்ட பகுதியில் என்ன இருந்தது?

உண்மைக் குற்றங்களைப் பற்றிய ஆவணத் தொடர்களை விரும்பிப் பார்க்கும் நேயர்கள் இன்று ஏராளம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பமே உட்கார்ந்து, "இவன்தான் செய்திருப்பான்", "இல்லை, போலீஸ்தான் மாட்டிவிட்டது" என்று வாதிடுவதும் உண்டு. கற்பனையல்ல, நடந்தது என்பதால் நம்பிக்கை கூடுகிறது. அந்த நம்பிக்கைக்கு இத்தொடர்கள் எந்த அளவுக்குத் தகுதியானவை?

'மேக்கிங் எ மர்டரர்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். 10 பகுதிகள் கொண்ட இதன் முதல் பருவத்தை நெட்ஃபிளிக்ஸ் 2015 டிசம்பரில் வெளியிட்டது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நெட்ஃபிளிக்ஸ் சேவை வந்தது அடுத்த மாதம்தான். ஆகவே, இங்குள்ளவர்களுக்கு முதன்முதலில் கிடைத்த பெரிய குற்றத் தொடர்களில் இதுவும் ஒன்று.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஏவரி, செய்யாத பாலியல் குற்றத்திற்காக 18 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். மரபணுச் சோதனையால் 2003-இல் விடுதலையானார். பிறகு 3 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். அது நிலுவையில் இருந்தபோது, 2005 அக்டோபர் 31-ஆம் தேதி, அவர் குடும்பத்தின் பழைய கார்க் கிடங்கிற்கு ஒரு வாகனத்தைப் படமெடுக்க வந்த தெரேசா ஹால்பாக் என்ற 25 வயதுப் பெண் கொல்லப்பட்டார். ஏவரியும் அவருடைய சகோதரி மகன் பிரெண்டன் டாசியும் குற்றவாளிகள் என 2007-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

ஜூரி முறையை சிங்கப்பூர் 1969-இலும் மலேசியா 1995-இலும் கைவிட்டன. ஆனால், தொலைக்காட்சி அதை வரவேற்பறைக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டது! ஒரே வேறுபாடு, இந்த ஜூரிக்கு யார் எதைக் காட்டலாம் என்று முடிவு செய்ய நீதிபதி இல்லை, படத்தொகுப்பாளர்தான் இருக்கிறார்.

அவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அத்தொடரிலேயே ஒரு காட்சி உண்டு. ஹால்பாக்கின் காரின் எண்ணைத் தொலைபேசியில் சரிபார்த்த காவல் அதிகாரியிடம், "இந்த ஒலிப்பதிவைக் கேட்பவர், அப்போது அந்தக் காரையே நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எண்ணமாட்டாரா?" என்ற பொருளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கிறார். அரசுத் தரப்பு ஆட்சேபிக்க, நீதிபதி அதை ஏற்கிறார்; பதில் இல்லை. அடுத்த கேள்வி, இது வழக்கமான நூற்றுக்கணக்கான விசாரிப்புகளைப் போன்றதுதானா என்பது. அதற்குத்தான் அவர் "ஆம்" என்றார். தொடரில் அந்த "ஆம்" முதல் கேள்வியோடு ஒட்டப்பட்டிருந்தது.

அந்த அதிகாரி 2018-இல் அவதூறு வழக்குத் தொடுத்தார். கூட்டரசு நீதிமன்றம் 2023-இல் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது அவதூறு ஆகவில்லை. ஆனால், பார்த்தவர் மனத்தில் பதிந்த "ஆம்" பதிந்ததுதான்.

விடுபட்டவையும் உண்டு. ஹால்பாக்கின் காரின் முன்மூடிக் கொக்கியில் ஏவரியின் மரபணு இருந்ததாக அரசுத் தரப்பு காட்டிய சான்று முதல் பருவத்தில் இல்லை. கொலை நடந்த நாளில் அவர் தமது எண்ணை மறைத்து அப்பெண்ணை இருமுறை அழைத்ததும் இல்லை. பல வார விசாரணையை முழுவதும் காட்ட முடியாது, முக்கியமானவற்றையே சேர்த்தோம் என்றனர் இயக்குநர்கள். எது முக்கியம் என்பதில்தானே வழக்கே இருக்கிறது!

தொடரால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 16 வயது டாசியை வழக்கறிஞரோ பெற்றோரோ அருகில் இல்லாமல் விசாரித்த காணொளியை உலகம் கண்டது இதனால்தான். அவருடைய தண்டனையை ஒரு நீதிமன்றம் 2016-இல் ரத்துச் செய்தது. ஆனால், 2017 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அதை மீண்டும் உறுதி செய்தது.

ஏவரிக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனு அனுப்பினர். மாநிலக் குற்றத்தில் அதிபருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2016 ஜனவரியில் பதில் வந்தது. கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேருக்கு ஹால்பாக் குடும்பத்தின் அறிக்கை தெரிந்திருக்கும்? தங்கள் இழப்பைப் பொழுதுபோக்காக்கி ஆதாயம் தேடுகிறார்களே என்று வருந்திய அக்குடும்பம், தொடரில் பங்கேற்க மறுத்துவிட்டது. பத்து மணி நேரத் தொடரில் தெரேசா எப்படிப்பட்டவர், எதை விரும்பினார் என்பதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகச் சொற்பம்.

விசாரணையின் எழுத்துப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாசிக்கச் சலிப்பூட்டும், பின்னணி இசையும் இருக்காது. ஆனால், அந்த "ஆம்" எந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறது என்பதை அங்கே யாரும் பார்த்துக்கொள்ளலாம்.