ஜதிங்கா: பறவைகள் தற்கொலை செய்கின்றனவா?

மேலநீலிதநல்லூரில் என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத், அஸ்ஸாமில் ஓர் ஊரில் பறவைகள் தற்கொலை செய்கின்றனவாமே, மெய்தானா?" என்று வினவினான்.

அவன் கேட்டது ஜதிங்கா என்னும் மலைக்கிராமத்தைப் பற்றி. திமா ஹசாவ் மாவட்டத்திலுள்ள அவ்வூரில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், நிலவில்லாத மூடுபனி இரவுகளில் மீன்கொத்தி, கொக்கு, குருகு முதலியன விளக்கொளியை நோக்கிப் பாய்ந்து வந்து வீழ்கின்றன. குளிர்காலத்தில் நம் தமிழகத்திற்கு வரும் ஆறுமணிக்குருவியின் இனமும் அவற்றுள் உண்டு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய மேட்டில் மட்டுமே இது நிகழ்வதுதான் விந்தை!

ஆதியில் அங்கிருந்த ஸெமி நாகர்கள் கெட்ட ஆவிகளென்று அஞ்சினராம். பின்னர்க் குடியேறிய ஜைந்தியா மக்களோ வானம் தந்த உணவென்று மகிழ்ந்தனர். அச்சமும் ஆசையும் ஆராய்ச்சிக்கு இடந்தருவதில்லை.

1960களில் இ.பி.ஜீ என்பார் இச்செய்தியை உலகறியச் செய்தார். பறவையியல் மேதை ஸலீம் அலீயும் இதில் கருத்துச் செலுத்தினார். பகலில் திரியும் பறவைகள், உறங்க வேண்டிய இரவில் பறப்பானேன் என்பதே அவரது வியப்பு. மழை வெள்ளத்தால் இருப்பிடமிழந்து, காற்றிலும் பனியிலும் திசை தடுமாறும் பறவைகள், பெரும்பாலும் இளங்குஞ்சுகள், ஒளியால் ஈர்க்கப்படுகின்றன என்பர் ஆய்வாளர். புதிர் முழுதும் அவிழ்ந்துவிடவில்லை.

தற்கொலை என்ற சொல் மட்டும் பொருந்தாது. திகைத்து அமர்ந்த பறவைகளை மூங்கிற்கழியால் அடித்துக் கொன்றவர் மனிதரே. இதைச் சொன்னதும் சிறுவனின் முகம் வாடியது. விழிப்புணர்வுப் பிரசாரத்தால் அங்கே கொலை குறைந்துள்ளது என்றேன், சற்றே தெளிந்தான்.