மண்வாசனைக்கு முத்திரை குத்துவது யார்?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியில் காது ஒரே பாட்டில் நிற்காது. பம்பையும் உடுக்கையும் முழங்க, புஷ்பக் காவடிக்காரர்கள் ஆடிக்கொண்டே மலையேறுவார்கள். பின்னால் வரும் கோஷ்டி டிரம் செட்டோடு வரும். ஒரு கடையின் ஒலிபெருக்கியில் டி.எம்.சௌந்தரராஜன், அடுத்த கடையில் பெங்களூர் ரமணியம்மாள், அதற்கும் அடுத்ததில் புதுப்பட மெட்டில் முருகன் பாட்டு. சித்தூர், நகரி பக்கமிருந்து வந்தவர்கள் தெலுங்கில் பாடுவார்கள். 'அரோகரா' மட்டும்தான் எல்லோருக்கும் பொது.

இந்தச் சத்தத்துக்கு நடுவே யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் அலுத்துக்கொள்வார்: "அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் போச்சுங்க. இப்ப வர்றதெல்லாம் டூப்பு!"

இதே அலுப்பை அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் பல தலைமுறைகளாகக் கேட்கலாம். அங்கே சண்டை 'கன்ட்ரி' இசையைப் பற்றியது. உழவர், சுரங்கத் தொழிலாளி, லாரி ஓட்டுநர் இவர்களின் பாட்டு என்று பெயர் வாங்கிய இசை அது. 2019இல் லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டை, இது கன்ட்ரி ஆகாது என்று 'பில்போர்டு' பத்திரிகை தன் கன்ட்ரி தரவரிசையிலிருந்து நீக்கியது. 2025 பிப்ரவரியில் பாடகி பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கான கிராமி விருது வாங்கியபோது, "இது கன்ட்ரியா?" என்ற கேள்வி மறுபடி எழுந்தது.

எது அசல், யார் அசல், யார் தீர்ப்புச் சொல்வது? நாஷ்விலின் கதையைத் தெரிந்துகொண்டு பார்த்தால், திருத்தணிப் பெரியவரின் அலுப்புக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

எல்லைத் தெருவில் ஒரு கடை

1927 கோடையில் ரால்ஃப் பீர் என்ற இசைத்தட்டு நிறுவனக்காரர் பிரிஸ்டல் என்ற ஊருக்கு வந்தார். டென்னசி, வர்ஜீனியா என்ற இரு மாநிலங்களுக்கும் எல்லை அந்த ஊரின் முக்கியத் தெரு. தெருவின் ஒரு பக்கம் ஒரு மாநிலம், மறுபக்கம் இன்னொன்று. மலைக் கிராமத்துப் பாட்டுக்காரர்களை வரவழைத்து அங்கே அவர் ஒலிப்பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான். கன்ட்ரி இசையின் பிறப்பிடம் என்று இன்றும் பிரிஸ்டலைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த 'அசல்' பாட்டில் இருந்தவற்றைப் பிரித்துப் பாருங்கள். பிடில் வாசிப்பு, அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்தது. பாஞ்சோ, அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியம். வழுக்கி வழுக்கி அழும் ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. ராட்ஜர்ஸ் குரலை உடைத்துப் பாடிய பாணிக்கு மூலம் ஆல்ப்ஸ் மலை. கவ்பாய் தொப்பியைப் பாடகர்களின் அடையாளமாக்கியது 1930களின் சினிமா. கலப்பு இல்லாத கன்ட்ரி என்ற ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை.

இசைத்தட்டுக் கம்பெனிகளோ கலந்து கிடந்ததைப் பிரித்து விற்றன. வெள்ளைக்காரர் பாடினால் ஒரு பட்டியல், கறுப்பர் பாடினால் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனிப் பட்டியல். அசல், நகல் என்ற பேச்சின் வேர் இந்த விற்பனைப் பட்டியலில் இருக்கிறது. 1997இல் சமூகவியலாளர் ரிச்சர்ட் பீட்டர்சன், கன்ட்ரியின் 'அசல் தன்மை' எப்படித் தயாரிக்கப்பட்டது என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

அந்தப் பட்டியல் காலத்துக்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை 'கன்ட்ரி செத்துப்போச்சு' என்று யாராவது அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1950களின் கடைசியில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் வயலின் கூட்டத்தையும் கோரஸையும் சேர்த்தபோது ஒரு கூச்சல். 1970களில் வில்லி நெல்சனும் வேலன் ஜென்னிங்ஸும் அந்தப் பளபளப்பை எதிர்த்துக் கிளம்பியபோது இன்னொன்று. இன்று பழசு, அசல் என்று கொண்டாடப்படும் பாட்டுகளில் பல, வந்த காலத்தில் கலப்படம் என்று திட்டு வாங்கியவை.

தீட்சிதர் கேட்ட ஐரிஷ் மெட்டு

முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையைத் திருத்தணி சந்நிதியில் பாடினார் என்பது கர்நாடக இசை உலகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு. மாயாமாளவகௌளையில் அமைந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' தான் அந்தக் கீர்த்தனை. அவருடைய 'குருகுஹ' முத்திரையே தணிகை முருகன் தந்தது என்பார்கள்.

அதே தீட்சிதர் இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தார். ஆங்கிலேயரின் கோட்டை பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகள் அப்போது அவர் காதில் விழுந்தன. அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதி, சங்கராபரணத்தில் 'நோட்டு சுவரம்' என்ற உருப்படிகளைச் செய்தார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி', 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளும் பிடிலும் கப்பலேறி ஒரு பக்கம் அமெரிக்க மலைகளுக்குப் போய்க் கன்ட்ரிக்கு வேராயின. அதே சரக்கில் ஒரு பகுதி சென்னைப் பட்டணத்தில் இறங்கி, மீனாட்சிக்குப் பாமாலை ஆனது. அந்த மெட்டை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. பிடில் இல்லாத கச்சேரியை நாம் நினைத்தும் பார்ப்பதில்லை.

திருப்புகழையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 31 இரவு திருத்தணிப் படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவது வழக்கம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது அது. பாடல்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதருடையவை. ஆனால் அவர் பாடிய மெட்டுகள் நம்மிடம் இல்லை. சந்தமும் தாளமும் பாட்டுக்குள்ளேயே இருப்பதால் அவை தப்பின. இன்று கேட்கும் ராகங்கள் பிற்காலத்தவர் அமைத்தவை. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையும் அவர் சீடர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் திருப்புகழைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார்கள். மெட்டு புதுசு என்பதற்காக அந்தப் பக்தியை நகல் என்று யாராவது சொல்லத் துணிவார்களா?

காவடிச் சிந்தின் கதையும் இப்படித்தான். காவடி சுமந்து நடப்பவர்களின் நடையிலிருந்து பிறந்த மெட்டுகளை, சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) எடுத்து, இலக்கணம் படித்த கவிஞரின் சொல்லைக் கோத்தார். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவு அவருக்கு இருந்தது. கழுகுமலை முருகன் மேல் அவர் பாடியவை வழிநடைக்கும் போயின, கச்சேரிக்கும் போயின, சினிமாவுக்கும் போயின. அது நாட்டுப்பாட்டா, புலவர் பாட்டா? இரண்டும்தான்.

வேலை போனது, பாட்டும் போனது

அப்படியானால் பெரியவரின் அலுப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது.

ஏற்றப் பாட்டு, பொழுதுபோக்குக்குப் பாடியது இல்லை. எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கு பாட்டுக்குள்ளேயே இருந்தது. பம்புசெட் வந்ததும் கணக்கு தேவைப்படவில்லை, பாட்டு நின்றது. நடவு இயந்திரம் இறங்கும் வயலில் நடவுப் பாட்டுக்கு வாயில்லை. திருத்தணிக்குப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் விசைத்தறிச் சத்தத்தை மீறி யார் பாடுவது? பாட்டை அழித்தது சினிமா என்கிறோம். அதற்கு முன்பே பாட்டுக்கு இருந்த வேலை போய்விட்டது. சாவு இன்னும் இருப்பதால் ஒப்பாரி இருக்கிறது. காவடி இருப்பதால் பம்பை இருக்கிறது.

நின்றுபோகும் முன் சிலர் எழுதிவைத்தார்கள். சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டியவை கி.வா.ஜகந்நாதன் பதிப்பில் 'மலையருவி'யாக 1958இல் வந்தன. 1964இல் வந்த நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' இன்னொரு நல்ல காரியம் செய்தது. பாட்டு எந்த ஊரில் கிடைத்தது, யார் சேகரித்தது என்று கூடவே குறித்தது.

அரிவாள், மீசை, தாவணி

1976இல் 'அன்னக்கிளி' படம் வந்தபோது, கிராமத்து மெட்டை நகரம் தியேட்டரில் கைதட்டிக் கேட்டது. 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் கொல்லங்குடி கருப்பாயி, 2003இல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மா என்று வயற்காட்டுக் குரல்களே திரைக்கு வந்தன. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கிராமம் கிராமமாகத் தேடிய பாட்டுகளை மேடையேற்றினார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே வருடம் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் 'சூப்பர் சிங்கர்' போட்டியில் வென்றார்.

இன்னொரு பக்கம் 'கிராமத்துப் பாட்டு' என்ற பெயரில் ஒரு தயார்ச் சரக்கும் வந்தது. அரிவாள், மீசை, தாவணி, வயல், குலசாமி, கொஞ்சம் நாதஸ்வரம்: கலக்கிக் கொடுத்தால் பாட்டு ரெடி. அமெரிக்காவில் இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு. பிக்கப் வண்டி, பீர், ஜீன்ஸ் போட்ட பெண், மண் ரோடு என்று அடுக்கும் பாட்டுகளுக்கு 2013இல் ஒரு விமர்சகர் 'ப்ரோ-கன்ட்ரி' என்று பெயர் வைத்தார். இரண்டிலும் கோளாறு ஒன்றுதான். கிராமத்துப் பொருள்கள் எல்லாம் வரிசையாக வரும். கிராமத்தில் ஒருவருக்கு என்ன நடந்தது என்பது வராது. கடன் வராது, கூலி வராது, சாதி வராது. கீபோர்டு வாசித்ததால் ஒரு பாட்டு போலி ஆகிவிடாது. யாருடைய வாழ்க்கையையும் சொல்லாததால்தான் அது போலி.

இதற்கு எதிர்ச் சாட்சி திருத்தணிக்கு அடுத்த அரக்கோணத்திலேயே இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ராப் பாடகர் தெருக்குரல் அறிவு. அவர் பாடி 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் கணினித் தாளம் உண்டு, ராப் உண்டு, உலகச் சந்தைக்கான பளபளப்பும் உண்டு. ஆனால் அதற்குள் இருப்பது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பி, காணி நிலம் இல்லாமல் நின்ற அவர் பாட்டி வள்ளியம்மாளின் தலைமுறை. பழைய ஒப்பாரிக்கு இருந்த அதே வேலையை அது செய்கிறது.

விடுபட்ட பெயர்கள்

அந்தப் பாட்டைச் சுற்றி வந்த தகராறுதான் உண்மையான கேள்வியைக் காட்டிக்கொடுத்தது. 2021 ஆகஸ்டில் அந்தப் பாட்டைக் கொண்டாடிய ஒரு பிரபல இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் படம் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாடகி தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதே பாட்டைப் பாடினார்கள், அறிவு அங்கில்லை. அதையடுத்து அறிவு, தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் மூவரும் தத்தம் பங்கைப் பொதுவெளியில் விளக்கவேண்டி வந்தது.

அமெரிக்காவிலும் காயம் இதே இடத்தில்தான். கார்ட்டர் குடும்பத்து ஏ.பி.கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டு திரட்டப் போனபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார்காரர் கூடவே போனார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் வாங்கிக்கொள்வார். பாட்டுகள் கார்ட்டர் பெயரில் பதிவாயின. ரிடிலை உலகம் தேடிக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

நம் ஊரில் பறையின் கதை இதைவிடக் கொடியது. அடித்தவரைச் சேரிக்கு வெளியே வரவிடாமல் வைத்துவிட்டு, அடியை மட்டும் 'மண்ணின் இசை' என்று ரசித்த சமூகம் இது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது பெரிய மாற்றம். ஆனாலும் ஊர்த் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர் பட்டம் பதவியோடு அச்சாகிறது. வாசிப்பவர்களுக்கு 'பம்பை கோஷ்டி' என்ற இரண்டு சொல்தான்.

சட்டமும் இங்கே அதிகம் கைகொடுப்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்தது. ஆசிரியர் பெயர் தெரியாத நாட்டுப்பாட்டுக்கு அதில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. எவர் வேண்டுமானாலும் எடுத்து, நாலு வரி மாற்றி, தன் பெயர் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே, நவீன நாட்டுப்பாட்டு அசலா என்று கேட்பவர்கள் வாத்தியத்தை எண்ணுவதை விட்டுவிடலாம். திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில் இருந்து, பிறகு தமிழகத்துக்கு வந்த ஊர். அங்கே எந்தத் தாளம் தமிழ், எந்தத் தாளம் தெலுங்கு என்று கோடு கிழிக்க யாராலும் முடியாது, கிழிக்கவும் வேண்டாம். இரண்டு கேள்வி போதும்: இந்தப் பாட்டில் யாருடைய வாழ்க்கை இருக்கிறது? அவர்களுக்குப் பெயரும் காசும் போய்ச் சேர்ந்ததா?

இரண்டாவது கேள்விக்கு விடை நம் கையில் இருக்கிறது. யூடியூபில் பாட்டு ஏற்றும் தம்பி தங்கைகளே, 'மரபுப் பாடல்' என்று மட்டும் போட்டு முடிக்காதீர்கள். யார் பாடக் கேட்டீர்கள், எந்த ஊர் என்று ஒரு வரி சேருங்கள். விழாக் குழுவினரே, அடுத்த நோட்டீஸில் வாசிப்பவர்களின் பெயரை அச்சிடுங்கள், பேசிய தொகையை அன்றைக்கே கொடுங்கள். மண்வாசனையைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய காரியம் எதுவும் தேவையில்லை.