சாட்சியைக் கடித்த காவல் நாய்

கீழ்பென்னாத்தூர் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் எனக்கு லினக்ஸ் சர்வராக ஓடுகிறது. நான் இருப்பது சென்னையில். கொஞ்ச நாளாக அது வாரம் ஒருமுறை தானாக ரீபூட் ஆனது. கரண்ட் போயிருக்கும்னு நினைத்தேன். யுபிஎஸ் சரியாத்தான் இருந்தது. கிராஷ் ஃபோல்டரைப் பார்த்தால், பாதியில் நின்ற ஃபைல்கள் மட்டும் கிடந்தன. எழுத ஆரம்பித்திருக்கிறது, யாரோ நடுவில் கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

யார் அது? வாட்ச்டாக் டைமர்.

இது போர்டில் இருக்கிற ஒரு கவுண்டர். கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு டீமன் அவ்வப்போது "இருக்கேன்"னு தட்டிக்கொடுத்தால் முதலிலிருந்து எண்ணும். தட்டாவிட்டால் மெஷினை ரீசெட் செய்துவிடும். சாஃப்ட்வேரை நம்பாததுதான் இதன் பலம்.

கேடம்பும் அதே மாதிரி சந்தேகப் பேர்வழிதான். செத்துக்கொண்டிருக்கிற கெர்னலின் டிஸ்க் ட்ரைவரை நம்ப முடியாது. அதனால் முன்பே ஒதுக்கிவைத்த நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்று தயாராக இருக்கும். பேனிக் வந்ததும் பயாஸ் பக்கம் போகாமல் நேராக அதற்குத் தாவி, பழைய நினைவகத்தை ஃபைலாக எழுதுவார்கள். பெங்களூரு ஐபிஎம்காரர்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 2005ல் லினக்ஸ் 2.6.13ல் சேர்ந்தது.

இப்போ சிக்கல் புரிகிறதா? தட்டிக்கொடுத்த டீமன் பழைய கெர்னலோடு போய்விட்டது. கவுண்டருக்கு அது தெரியாது, இறங்கிக்கொண்டே இருக்கிறது. இன்டெல் ஐடிசிஓ ட்ரைவரில் இயல்பான கெடு 30 விநாடி. 8 ஜிபியை, விநாடிக்கு 100 எம்பி எழுதும் டிஸ்கில் அப்படியே எழுதினால் 80 விநாடி. ஜெயிக்கிறது நாய்தான்.

வாட்ச்டாகையே அணைத்துவிடலாமே? செய்யாதீங்க. இரண்டாவது கெர்னலும் தொங்கிவிட்டால், அதை எழுப்ப நான் பஸ் ஏறித்தான் போகணும். அணைக்கக் கூடாது, கயிற்றைக் கை மாற்றணும்.

நான் செய்தது மூன்று:

1. கேடம்புக்கான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வாட்ச்டாக் ட்ரைவரையும் சேர்த்தேன். சில ட்ரைவர்கள் ஏறியதும் கவுண்டரை நிறுத்திவிடும். சில, "ஏற்கனவே ஓடுது"ன்னு சொல்லும். அப்போது கெர்னலே தட்டிக்கொடுக்கும். உங்களுடையது எந்த ரகம்னு பாருங்க.

2. அந்தத் தட்டலுக்கு எல்லை வேணும். இரண்டாவது கெர்னலின் கட்டளை வரியில் வாட்ச்டாகின் 'ஓபன் டைம்அவுட்' அளவை 300 என்று கொடுத்தேன். 5 நிமிஷத்தில் வேலை முடியாவிட்டால் நாய் கடிக்கட்டும்.

3. மேக்டம்ப்ஃபைல் மூலம் காலிப் பக்கங்கள், கேஷ், யூசர் நினைவகம் ஆகியவற்றை வடிகட்டினேன். எழுத வேண்டியது வெகுவாகக் குறையும்.

பிறகு ஊருக்குப் போனபோது, பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து, சிஸ்ரிக்யூ 'சி' கொடுத்து வேண்டுமென்றே கிராஷ் செய்தேன். இதைத் தூரத்திலிருந்து முதல்முறை செய்து பார்க்காதீங்க.

இந்த முறை முழு ஃபைல் கிடைத்தது. அடுத்த நிஜ கிராஷ் வரட்டும், காத்திருக்கிறேன்.