'வீசை' என்றால் எத்தனை கிலோ? பாட்டி காலத்து எடைக்கணக்கு

தேனி:-

கம்பம், சின்னமனூர், போடி பக்கம் பாட்டிமார்கள் 'ஒரு வீசை புளி' என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் திருதிருவென முழிப்பது உண்டு. 'ஒன்றரை கிலோப்பா' என்று குத்துமதிப்பாகச் சொல்வோரும் உண்டு. ஆனால் சரியான கணக்கு அதுவல்ல.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்தில் புழங்கிய எடை இது. அந்தக் கணக்கு வருமாறு:-

3 தோலா ஒரு பலம் (சுமார் 35 கிராம்).

40 பலம் ஒரு வீசை (சுமார் 1 கிலோ 400 கிராம்).

8 வீசை ஒரு மணங்கு (11 கிலோ 340 கிராம்).

20 மணங்கு ஒரு பாரம் (சுமார் 227 கிலோ).

ஊருக்கு ஊர் எடை மாறியதால் வாங்குபவர்களுக்குக் குழப்பம்தான். இதனால் 1956-ல் மத்திய அரசு எடை, அளவுச் சட்டம் கொண்டு வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாக நடைமுறைக்கு வர, வீசைக்கல் மூலைக்குப் போனது. போடியில் ஏலக்காய் ஏலம் நடப்பதும் இப்போது கிலோ கணக்கில்தான்.

ஆனால் பலம் மட்டும் நாட்டு மருந்துக் குறிப்புகளில் இன்னமும் இருக்கிறது. லேகியக் குறிப்பில் 'திப்பிலி 2 பலம்' என்று இருந்தால் 70 கிராம்தான். விவரம் தெரியாமல் கால் கிலோவை அள்ளிப்போட்டால் மருந்தே வினையாகிவிடும். வீட்டில் பழைய குறிப்பு வைத்திருப்பவர்கள், அரசு ஆஸ்பத்திரி சித்த மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.