இலை உதிரும்போது காதல் மலரும்!

கடும் புயல். ஒரு பெண் தனியாகக் காரில் போகிறாள். கார் விபத்தில் சிக்குகிறது. கண் விழித்துப் பார்த்தால், தன் பெயர்கூட அவளுக்கு நினைவில்லை!

அவள் யார்? நாடே அறிந்த எழுத்தாளர். புகழின் தொல்லை தாங்காமல் ஓடி வந்தவள். அந்தச் சிற்றூர் டாக்டர் அவளுக்கு அடைக்கலம் தருகிறார். டாக்டரின் குழந்தைகள் அவளிடம் ஒட்டிக்கொள்கிறார்கள். பிறகு என்ன? காதல்தான்!

இது, 'ஃபாலிங் ஃபார் வெர்மான்ட்' என்ற டெலிவிஷன் படத்தின் கதை. அமெரிக்காவில் ஹால்மார்க் சானலில் 2017-ல் வந்தது. 'ஃபால்' என்றால் விழுதல். அமெரிக்கர்கள் இலையுதிர் காலத்தையும் 'ஃபால்' என்றே சொல்வார்கள். காதலில் விழுவதற்கும் அதே சொல்தான்!

வாழ்த்து அட்டைக் கம்பெனி

ஹால்மார்க், 1910-ல் தொடங்கிய வாழ்த்து அட்டைக் கம்பெனி. அதன் பெயரில் 2001-ல் டெலிவிஷன் சானல் வந்தது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் இத்தகைய காதல் படங்களை அது ஒளிபரப்புகிறது.

வெர்மான்ட் மாநிலத்தில் மேப்பிள் மரங்கள் அதிகம். பகல் குறையக் குறைய, இலையின் பச்சை மறையும். உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் தெரியும். சிவப்பும் ஏறும். மலையே தீப்பிடித்தது போல இருக்கும்!

ஆனால், இத்தகைய படங்களில் பல கனடாவில் எடுக்கப்படுகின்றன. சுமார் மூன்றே வாரத்தில் படப்பிடிப்பு முடிந்துவிடும். கோடை வெயிலில் நடிகர்கள் கம்பளிச் சட்டை போட்டு நடிப்பதும் உண்டு. தரையில் கிடப்பது செயற்கை இலை!

முடிவு தெரிந்த கதை

சண்டை கிடையாது. கொலை கிடையாது. கடைசி நிமிடங்களில் ஒரே ஒரு முத்தம். முடிவு எல்லாருக்கும் தெரியும். அப்படியும் ஏன் பார்க்கிறார்கள்?

பாட்டியும் பேத்தியும் கூச்சமின்றிச் சேர்ந்து பார்க்கலாம் என்பது ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் இளைஞர்கள் வேலை தேடிப் பட்டணம் போய்விடுகிறார்கள். ஊரில் பெற்றோர் மட்டும் மிஞ்சுகிறார்கள். முதியோர் அதிகமுள்ள மாநிலங்களில் வெர்மான்டும் ஒன்று.

இந்தப் படங்களிலோ, பட்டணத்தில் இருந்து ஒருத்தி வருகிறாள். ஊர் பிடித்துப் போகிறது. பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகிறாள். பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் ஒரு தாய், அந்தக் காட்சியைப் பார்க்கும்போது என்ன நினைப்பாள்? நமக்குத் தெரியாதா!