பழைய பிணைய அட்டையால் ஏற்படும் கணினி முடக்கம்

பிணைய அட்டை என்பது கணினியை உள்ளகப் பிணையத்துடனோ இணையத்துடனோ இணைக்கும் வன்பொருள் ஆகும். இன்றைய கணினிகளில் இது பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ளது. 1990களில் வந்த மேசைக் கணினிகள் பலவற்றில் தனி அட்டையாகச் செருகப்பட்டிருந்தது. அத்தகைய அட்டையோ அதன் இயக்கியோ பழுதுபட்டால் இணைப்பு மட்டும் அறுவதில்லை. கணினி முழுவதுமே உறையலாம், நீலத்திரை காட்டலாம், தானாக மறுதொடக்கம் ஆகலாம். காரணம் அறியாமல் வன்தட்டை அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவோர் தம் கோப்புகளை இழக்க நேரிடும். பழுதான அட்டை உள்ளேயே இருந்தால் முடக்கமும் தொடரும்.

முடக்கத்தின் காரணங்கள்

உலாவி போன்ற செயலி தவறு செய்தால் இயங்குதளம் அதை மட்டும் மூடிவிடும். பிணைய இயக்கி அப்படியன்று. அது பொதுவாக இயங்குதளத்தின் உட்பகுதியான கருனியோடு சேர்ந்து இயங்குவதால், அதில் நேரும் பிழை முழுக் கணினியையும் நிறுத்திவிடக்கூடும்.

ரியல்டெக் 8139 போன்ற சில்லுகளைக் கொண்ட பிசிஐ அட்டைகள், வந்துசேரும் தரவை நேரடியாக நினைவகத்தில் எழுதுகின்றன. அட்டையோ இயக்கியோ தவறான இடத்தில் எழுதச் செய்தால் வேறொரு நிரலின் தரவு கெடும். அதனால் பிழைச் செய்தி தொடர்பில்லாத நிரலைச் சுட்டவும் கூடும்.

இவற்றுக்கு முந்தைய ஐஎஸ்ஏ அட்டைகளில் குறுக்கீட்டு எண் மோதலே பெரும் சிக்கல். அக்காலக் கணினிகளில் 0 முதல் 15 வரை 16 குறுக்கீட்டு எண்களே இருந்தன. பிணைய அட்டையும் ஒலி அட்டையும் ஒரே எண்ணில் அமைந்தால் இரண்டில் ஒன்று செயலிழக்கும். சில வேளை கணினியே உறையும்.

அறிகுறிகள்

- பெரிய கோப்புகளைப் பதிவிறக்கும்போதோ பிணையத்தில் நகலெடுக்கும்போதோ முடங்குதல்.
- விண்டோஸ் நீலத்திரையில் டி1 என முடியும் குறியீடும், பிணைய இயக்கியின் கோப்புப் பெயரும் தோன்றுதல்.
- முடங்குவதற்குச் சற்று முன் நிகழ்வுப் பதிவில் பிணைய அட்டை பற்றிய பிழைகள் பதிவாகியிருத்தல்.

இவை ஐயத்தை எழுப்புவன மட்டுமே. உறுதியான சான்று ஆகா.

சோதிக்கும் முறை

1. முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும்.
2. சாதன மேலாளரில் அட்டையை முடக்கி, கணினியை வழக்கம்போல் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். முடக்கம் நாளுக்கு ஒரு முறை நேர்ந்தால் குறைந்தது மூன்று நாள்களாவது காத்திருக்க வேண்டும். ஒரு நாள் அமைதியாகக் கழிந்ததை வைத்து முடிவுக்கு வரலாகாது.
3. முடக்கம் தொடர்ந்தால், மின்கம்பியைப் பிடுங்கியபின், கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு நிலைமின்னை நீக்கிவிட்டு, அட்டையையே கழற்றிவிட வேண்டும். அதன் பின்னும் தொடர்ந்தால் நினைவகம், மின்வழங்கி, வெப்பம் ஆகியவற்றை ஆராய வேண்டும்.
4. முடக்கம் நின்றால், அட்டையை மீண்டும் இயக்க வேண்டும். முடக்கம் திரும்பினால் ஐயம் வலுக்கிறது.
5. பிறகு அட்டைக்கு உரிய சரியான இயக்கியை நிறுவியும், அட்டையை வேறு செருகுவாய்க்கு மாற்றியும் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இல்லையேல் எது பயனளித்தது என்பது தெரியாது.

முடிவு காணுதல்

அட்டையை நீக்கும்போது பிணையப் போக்குவரத்தும் நின்றுவிடுகிறது. எனவே தீச்சுவர், நச்சுநிரல் தடுப்பி போன்ற மென்பொருள்களின் பிழையும் அப்போது மறைந்திருக்கலாம். இதைப் பிரித்தறிய, வேறு சில்லு கொண்ட அட்டை ஒன்றைப் பொருத்தி அதே வேலையைச் செய்து பார்க்க வேண்டும். புதிய அட்டையிலும் கணினி முடங்கினால், பழைய அட்டையின் மீது மட்டும் பழி சுமத்த இயலாது. அந்த மென்பொருள்களை ஆராய வேண்டும். முடங்காவிட்டால் பழைய அட்டையோ அதன் இயக்கியோதான் காரணம் எனக் கொள்ளலாம். அப்போது அட்டையை மாற்றினால் போதும். கணினியையோ அதிலுள்ள கோப்புகளையோ இழக்க வேண்டியதில்லை.